நீல அட்டைப் புத்தகம்

"பள்ளிக்கூடத்துல கொடுத்த புத்தகப் பட்டியல்ல ஒண்ணைக்கூடத் தொடமாட்டேங்கிறா, மிஸ் வெர்லின். வாசிப்புல தேறலைன்னா மறுபடி அதே வகுப்புதான்," என்றாள் டெனீஸ். டெட்ராய்ட்டில் வெர்லினின் தலை பின்னும் கடைக்குப் பத்து வயது மகள் ஸரியாவை அழைத்து வந்திருந்தாள். பிழை தன்னுடையதென்றே தாய்க்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

வெர்லின் அலமாரியிலிருந்து நீல அட்டைப் புத்தகமொன்றை எடுத்தாள்.

"நம்ம கறுப்புப் பொண்ணு ஒருத்தி எழுதினது. சத்தமா வாசிடி கண்ணு, நான் பின்றேன்."

ஸரியா முனகிக்கொண்டே தொடங்கினாள். ஐந்து மணி நேரம் கழித்து, தலை முழுக்கச் சிறுசிறு பின்னல்களாகப் பின்னி முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ரெண்டு பக்கம்மா!"

டெனீஸுக்குக் கண் கலங்கியது. "எவ்வளவு படிச்சிருந்தா இப்படிப் பார்த்து எடுத்துக் கொடுப்பீங்க!"

"நான் எங்கடி படிச்சேன்? ரெண்டு கையும் எப்பவும் முடியிலதானே இருக்கு! இழுத்துப் பின்னினா பிள்ளைங்க வலியில தலையை ஆட்டும். எதை வாசிக்கும்போது ஆட்டலையோ, அதைத்தான் அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பேன்."