ஒரே அளவு பேட்டரி

மின்சாரம் போனதும், ஜன்னல் இல்லாத மேலாளர் அறைக்கு ஸ்டோர் கீப்பர் ஐந்து டார்ச்சுகளையும் அள்ளிக்கொண்டு வந்தார். ஒன்றுகூட எரியவில்லை. எதற்குள்ளும் பேட்டரியே இல்லை.

"முன்னெல்லாம் இதுக்குக் குண்டு பேட்டரி சார். வேற எதுலயும் நுழையாது, யாரும் தொடவும் மாட்டாங்க," என்றார் அலுப்போடு.

"எல்லாத்துக்கும் ஒரே அளவு பேட்டரிங்கற என் திட்டத்துக்குத் தலைமை அலுவலகமே கைதட்டுச்சு. நீங்க குறை சொல்றீங்களா?" இருட்டில் மேலாளரின் குரல் மட்டும் பிரகாசமாக இருந்தது. "எடுத்தவன் யாருன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். அவனுக்கு வேலை போயிடும். சொல்லலைன்னா உங்களுக்குப் போயிடும்."

ஓய்வுபெற ஒரு வருஷமே பாக்கியிருந்த ஸ்டோர் கீப்பர் காலி டார்ச்சுகளை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார்.

விளக்குகள் எரிந்தன. வியர்த்து வழிந்த மேலாளர் ரிமோட்டை எடுத்து அழுத்தினார். ஏசி உடனே உறுமியது.

ஸ்டோர் கீப்பர் பெருமூச்சு விட்டார். "போன வாரம் அந்த ரிமோட் நின்னுபோச்சுன்னு டார்ச்சைத் திறந்து நீங்களேதான் சார் மாத்திக்கிட்டீங்க. அப்புறம் உங்க மவுஸுக்கு, சுவர்க் கடிகாரத்துக்கு, பேரனோட பொம்மைக்கு..."

மேலாளரின் கண்கள் தானாகவே கடிகாரத்துக்குப் போயின. அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

"சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கு சார்," என்றார் ஸ்டோர் கீப்பர். "யார் பேரைச் சொல்லட்டும்?"