மஸ்டாங்குக்கு ஆயுத பூஜை

வளைகுடா ஒர்க்ஷாப்பில், அரபியின் மஸ்டாங் காரின் கதவில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, முனியசாமி நாலடி பின்னால் போய் நின்று அழகு பார்த்தான். கதவு பளபளவென்று மின்னியது.

பின்னால் வந்த ஃபோர்மேன் ராஜிக் பாயின் டீ கிளாஸ் பாதி வழியிலேயே நின்றது.

“அடப்பாவி, இதுல இருந்த துரு எங்கடா?”

அதைத்தான் காலையிலிருந்து தின்னர் போட்டுத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு தெரியும்வரை எடுத்திருந்தான். ஆயுத பூஜையும் அதுவுமாகத் துருப்பிடித்த கதவுக்கு எந்தக் கமுதிக்காரன் பொட்டு வைப்பான்?

ஐம்பது வயது தாண்டிய அமெரிக்க வண்டி அது. இன்ஜின், கியர், வீல் எல்லாம் கப்பலில் வந்த புதுச் சாமான். மேலே மட்டும் துரு அப்படியே இருக்க வேண்டும், அதுதான் ஸ்டைல் என்று அரபி சொல்லியிருந்தார். முனியசாமிக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

“நாளைக்கு அவரு வர்றாரு. துரு இல்லேன்னா லீவும் மாஃபி, நீயும் மாஃபி, ரெண்டும் கிடையாது!”

அந்த லீவில்தான் முனியசாமி ஊருக்குப் போக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்குக் காதுகுத்து. உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன் மடி இவனுடையது. வேறு மடி கிடையாது.

ரூமுக்கு ஓடினான். ஒரு பாட்டிலோடு திரும்பி வந்தான். குலசாமியை வேண்டிக்கொண்டு, அதிலிருந்ததைக் கதவு முழுக்கப் பூசி வெயிலில் விட்டான்.

மறுநாள் கதவைக் கழுவிப் பார்த்தால், செக்கச்செவேலென்று துரு.

அரபி வந்தார். கதவைத் தடவினார். அவருடைய வெள்ளைக் கந்தூரா அங்கியின் கை முழுக்கச் சிவப்பானது. ராஜிக் பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

அரபி முனியசாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

முன்பு இருந்தது அமெரிக்காவில் ஆள் வைத்து அடித்த துரு பெயிண்டாம். கூட்டாளிகள் கண்டுபிடித்துக் கேலி செய்கிறார்களாம். இதுதான் அசல் துருவாம். மீதி வண்டிக்கும் இதையே செய்ய வேண்டும், இந்த ஆளே செய்ய வேண்டும், முடியும்வரை எங்கேயும் அனுப்பக் கூடாது.

ராஜிக் பாய் சந்தோஷமாகத் தலையாட்டினார். லீவு போயே போய்விட்டது. கெட்டிக்காரத்தனம் இப்படியும் ஆளைக் கவிழ்க்கும்.

சாயங்காலம் முனியசாமி ஊருக்குப் போன் போட்டு, காதுகுத்தைத் தள்ளிவைக்கச் சொன்னான். அழுகை வந்துவிட்டது. அக்கா ஒருபாட்டம் திட்டித் தீர்த்தாள்.

திட்டு ஓய்ந்ததும் மெல்ல ஆரம்பித்தான். போன தடவை கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் வேண்டும்.

அவளுக்கு மனசு இளகிவிட்டது. எவ்வளவு போட என்று கேட்டாள்.

“ஒரு காருக்குக் காணுற மாதிரி போடுக்கா.”