எத்தனை நிமிடம் நிறுத்தலாம்?

"பழைய சர்வரை நிறுத்திட்டுத்தான் புதுசை மாட்டணும், மேடம். எத்தனை நிமிஷம் தருவீங்க?"

"அதைக் கடைசியில சொல்றேன், தம்பி. மத்ததையெல்லாம் முதல்ல கேளுங்க."

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு அந்த அம்மாள்தான் பொறுப்பு. ஐம்பது வயதிருக்கும். காதில் ஹெட்போன், கையில் பென்சில். எதிரே உட்கார்ந்திருந்த இன்ஜினீயர் படிவத்தைப் பிரித்தான். நாற்பத்திரண்டு கேள்விகள். அடுத்த வாரம் புது சர்வரை நிறுவ வேண்டுமானால் அத்தனைக்கும் பதில் வேண்டும்.

போன மாதம் வேறோர் அலுவலகத்தில், பதற்றத்தில் இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதிவிட்டான். அரைநாள் அங்கே ஒரு கம்ப்யூட்டரும் ஓடவில்லை. அங்கே போனது அரைநாள் வேலை. இங்கே தப்பு செய்தால் போவது உயிர். அந்தப் பயத்தில் நேற்றெல்லாம் அவனுக்குச் சோறே இறங்கவில்லை. இன்று காலை மேலதிகாரி கூப்பிட்டு, நிதானமாக எழுது, அப்படியே புது மெஷினையும் வண்டியில் கொண்டுபோய் இடம் பொருந்துகிறதா என்று பார்த்துவிடு என்று அனுப்பிவைத்தார்.

ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்று கேட்டான்.

"ஒன்பது பேர். ஆனா ஷிப்ட் மாறும்போது பதினெட்டு. வர்றவங்க எல்லாத்தையும் கேட்டு வாங்கிக்கிட்ட பிறகுதான் இருக்கறவங்க எழுந்திருப்பாங்க."

கேட்காமல் விட்டிருந்தால் ஒன்பது என்றே எழுதியிருப்பான்.

அதற்கப்புறம் அந்த அம்மாள் எங்குமே தடுக்கவில்லை. சர்வரின் முகவரி எண், அழைப்புகள் குவியும் நேரம், நேற்று எடுத்த தகவல் நகல் எந்த பீரோவில் இருக்கிறது, பாஸ்வேர்டு உறை யார் மேஜையில் இருக்கிறது, சர்வர் கடிகாரம் சுவர்க்கடிகாரத்தைவிட நாற்பது விநாடி பின்தங்கி ஓடுவதுவரை கரைத்துக் குடித்திருந்தார். திரையைப் பார்த்துத்தான் சொல்கிறாரோ என்னவோ. அந்த அறையில் இருந்த ஒன்பது திரைகளின் முதுகு மட்டுமே அவனுக்குத் தெரிந்தது.

நடுநடுவே அழைப்புகள் வேறு. ஒரு பெண்ணின் அப்பா குளியலறையில் விழுந்துவிட்டாராம். அந்த அம்மாள் தெரு, வீட்டு எண், எந்த மாடி, லிஃப்ட் உண்டா, கதவு திறந்திருக்கிறதா என்று அலுங்காமல் கேட்டு, துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்து இருக்கைக்கு நீட்டினார். அங்கிருந்தவர் வண்டியை அனுப்பிவிட்டு, சுவரிலிருந்த வரைபடத்தில் ஒரு குண்டூசியை இடம் மாற்றிக் குத்தினார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள், வண்டி வர பதினோரு நிமிடம் ஆகும் என்பதை அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

கம்ப்யூட்டர் காலத்திலும் துண்டுச் சீட்டா, பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டான்.

"பதினோரு நிமிஷம்னு எடுத்த உடனே ஏன் சொல்லலை, மேடம்?"

"சொன்னா பயத்துல வீட்டு நம்பரையே மாத்திச் சொல்லிடுவாங்க. விவரம் முழுசா கைக்கு வந்த பிறகுதான் கெட்ட சேதி சொல்லணும். பதறாத காரியம் சிதறாது, தம்பி."

இத்தனைக்கும் நடுவில் குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. எந்த வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் கேட்ட மாத்திரத்தில் பதில் வந்தது. அவன் படிவத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். கும்பிடத் தோன்றியது.

நாற்பத்தோரு கட்டங்களும் நிரம்பிவிட்டன. படிவத்தை அவரே வாங்கி, ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இனி அந்த ஒரு கேள்விதான், மேடம். நான் மாட்டி முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். இவ்வளவு பெரிய வேலை, சர்வர் இல்லாம அஞ்சு நிமிஷம் தாங்குமா?"

அந்த அம்மாள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் திரையை அவன் பக்கமாகத் திருப்பினார். கறுத்துக் கிடந்த அதில் அவன் முகம்தான் தெரிந்தது.

"காலையில எட்டு மணிக்கே செத்துப்போச்சு, தம்பி. இதோட நூத்தி முப்பது நிமிஷம் தாங்கியிருக்கோம். போய் உங்க வண்டியில இருக்கற மெஷினை எடுத்துட்டு வாங்க."