ஜாருக்குள் மாமியின் குரல்

சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவில் மதிய வெயில் பிரியாணி அண்டாவின் மூடியில் பட்டு இளைஞன் ஆகிப்பின் கண்ணைக் கூசவைக்கிறது. டோக்கன் எண்களைக் கூப்பிட அவன் ஜாவாவில் எழுதிய புரோகிராம், கடை திறப்பு நாளான இன்று, ‘ஃபைல் இல்லை’ என்று அடம்பிடிக்கிறது. கடைக்காரி பதருன்னிசா மாமியின் குரலைப் பதிவுசெய்து, ஜார் ஃபைலுக்குள் அவனேதான் வைத்துக் கட்டினான். “ஜார்லதான கீதுன்ற? கவுத்துப் பாருடா!” என்கிறாள் மாமி. “மிக்ஸி ஜார் இல்ல மாமி, இது பொட்டலம் மாதிரி. உங்க குரல் உள்ளதான் கீது. புரோகிராம்தான் என் வூட்டு லேப்டாப் ஃபோல்டர்ல தேடிகினு கீது.” கூட்டம் சத்தம் போடுகிறது. மாமி தானே எண்களைக் கூவத் தொடங்குகிறாள். ஆகிப் வியர்வை சொட்டச் சொட்ட, வெளியே தேடும் வரியை அழித்து, பொட்டலத்துக்குள்ளிருந்தே வாசிக்கும்படி மாற்றி, மறுபடி கட்டிக் கடைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறான். “டோக்கன் நம்பர் ஒண்ணு, வாங்க!” மாமியின் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று ஒலிக்கிறது. யாரும் வரவில்லை, அதற்குள் எண்பது டோக்கன்களும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டன. அவனைத் திட்ட மாமி வாயைத் திறக்கிறாள். தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வருகிறது. அவள் கரண்டியை எடுக்கிறாள்.