மண்ணே தொடாத மனிதர்

ஆறு மாதமாக ராப்பகலாய் நினைத்துக்கொண்டிருந்த ஆளை லோகப்பிரியா அன்றைக்குத்தான் முதன்முதலாக நேரில் பார்த்தாள். காரமடையில் ஒரு சந்துக்குள், செல்போன் கடையின் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஆள் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தார்.

"தம்பிதுரைங்களா?"

"ஆமாங்க. போன்ல பேசுன டாக்டரம்மா தானுங்களா? வாங்க, வாங்க." எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

காதலாவது கத்தரிக்காயாவது. லோகப்பிரியா கோயமுத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் எம்.டி. கடைசி வருடம் படிக்கிறாள். அந்தத் துறையில் நோயாளியின் முகத்தைப் பார்க்கிற வேலையே கிடையாது. வார்டிலிருந்து குப்பியில் சீழ் வரும், மேலே ஒரு பெயர் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் அறிமுகம்.

தம்பிதுரை என்று பெயர் ஒட்டி வந்த குப்பியில் வளர்ந்தது சாதாரணக் கிருமி இல்லை. ஈரமண்ணிலும் சேற்றிலும் குடியிருக்கிற, இந்தப் பக்கம் அபூர்வமாகத் தட்டுப்படுகிற கிருமி. ஆனால் கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் செல்போன் கடை என்று எழுதியிருந்தது.

மண்ணே தொடாத ஆளுக்கு மண்ணுக் கிருமி! அவள் எழுதுகிற ஆராய்ச்சிக் கட்டுரைக்கு உயிரே அந்த ஒரு வரிதான்.

ஆயிரத்து ஐந்நூறு வார்த்தைக்குள், இரண்டே படத்தோடு ஒரு குட்டி அறிக்கை. அந்தக் குட்டியைப் பெற்றெடுப்பதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. துறைத் தலைவர் கோபாலசாமி நான்கு தடவை திருத்தினார். மூன்றாம் தடவை அவரே வெட்டச் சொன்ன பத்தியை நான்காம் தடவை, "எங்கம்மா காணோம்?" என்று கேட்டார்.

முதலில் அனுப்பிய ஆராய்ச்சி இதழ் நீளம் அதிகம் என்று திருப்பியது. அரைப் பக்கத்தைக் குறைத்து அடுத்ததற்கு அனுப்பினாள். அவர்கள் விவரம் போதாது என்றார்கள்.

மூன்றாவது இதழ்தான் பெரிய மனது பண்ணி, இதெல்லாம் வேண்டும் என்று பதில் போட்டிருந்தது. நோயாளியின் ஒப்புதல் கையெழுத்து, ஆறின தழும்பின் படம், அப்புறம் அவருக்கு மண்ணோடு தொடர்பே இல்லை என்பதை அவரிடமே மறுபடி கேட்டு உறுதிப்படுத்த வேண்டுமாம். திங்கட்கிழமை கடைசி நாள். கட்டுரை தேறாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது என்று கல்லூரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இன்னும் ஆறு மாதம் இதே குப்பிகளோடு குப்பை கொட்டத் தெம்பில்லாமல்தான், வெயிலோடு வெயிலாக மேட்டுப்பாளையம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள்.

படிவத்தை நீட்டினாள். "உங்க பேரு எங்கயும் வராதுங்க. நோயைப் பத்தி மட்டும்தான் எழுதறோம். படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

தம்பிதுரை படிக்கவில்லை. "இதனால இன்சூரன்ஸ் அட்டைக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தவர் போலப் பட்டென்று கையெழுத்தைப் போட்டார். லோகப்பிரியா படிவத்தைக் கோப்பில் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, தோட்ட வேலை, காட்டு வேலை ஏதாச்சும் செஞ்சிருக்கீங்களா? சேத்துல கால் வெச்சதுண்டுங்களா?"

"நானுங்களா?" அவர் சிரித்துவிட்டார். "பொறந்ததுலருந்து மம்பட்டி புடிச்சதில்லீங்க. மழை பேஞ்சா கடைய உட்டே எறங்க மாட்டனுங்க. அதுக்கே எங்கூட்டுக்காரி வைவா. தோட்டந்தொரவெல்லாம் எங்கண்ணன் பாத்துக்குவாருங்க."

அவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம் போல இருந்தது அவளுக்கு. சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். கண் கலங்கியது. சந்தோஷமா அலுப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. அவிநாசிக்கு, வீட்டுக்குப் போய் இரண்டு நாள் யார் எழுப்பினாலும் எழாமல் தூங்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"கடைசியா ஒண்ணே ஒண்ணுங்க. கெண்டைக்கால்ல அந்தத் தழும்பை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

தம்பிதுரையின் சிரிப்பு அப்படியே நின்றது. "மோர் குடிக்கறீங்களாம்மா? வெயில்ல வந்திருக்கீங்க."

"வேண்டாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு. ரெண்டு நிமிசந்தானுங்க."

"போட்டோ இல்லாம முடியாதுங்களா?"

"முடியாதுங்க. இது இல்லீன்னா திருப்பி அனுப்பிருவாங்க. இனி ஒருக்கா திருப்பி அனுப்புனா என்னால தாங்க முடியாதுங்க."

அவள் குரல் உடைந்ததைக் கேட்டு மனிதருக்குச் சங்கடமாகிவிட்டது. தலையைக் குனிந்தபடி மேஜையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். வலது பேண்ட்டை மெல்ல முழங்கால் வரை சுருட்டினார். கால் சுத்தமாக இருந்தது.

"இன்னொரு காலா இருக்குமுங்க," என்றாள் லோகப்பிரியா. அதையும் சுருட்டினார். அதில் ஒரு கொசுக்கடிகூட இல்லை.

எட்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறிச் சீழ் எடுத்ததாகக் கட்டுரையின் இரண்டாவது பத்தியில் அவளே எழுதியிருக்கிறாள். கேமராவை இறக்கினாள்.

"தழும்பு எங்கீங்க?"

தம்பிதுரை கடைக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இன்சூரன்ஸ் அட்டைதானுங்க என்ரது, காலு எங்கண்ணனுதுங்க. தோட்டத்துல தண்ணி கட்டிட்டு இருக்காரு, வரச் சொல்லட்டுங்களா?"