இவருக்குப் பதில் இனி இவர்

பதினோரு வருடம் ‘கருடவேந்தன்’ தொடரில் பறக்கும் ராஜாவாக நடித்த தணிகைவேலுவை, இடுப்பு பெருத்துவிட்டது என்று போன வாரம் நீக்கிவிட்டார்கள். கருடன் பொம்மைதான்; அதற்கே பாரம் தாங்கவில்லையாம். தொடர் மட்டும் நிற்கவில்லை. இன்றிலிருந்து, டிவி யார் பெயரில் இருக்கிறதோ அவர் மனதுக்கு மிகப் பிடித்த முகமே அந்தந்த வீட்டில் ராஜாவாக வரும். முகத்தை டிவியே கண்டுபிடித்துக்கொள்ளும்.

தணிகைவேலு வீட்டு டிவி, அவர் மனைவி மரகதத்தின் பெயரில் இருந்தது.

தொடர் தொடங்கும் ஏழரைக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அவள் ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தாள்.

“இன்னிக்கு டிவி வேணாங்க. கோயிலுக்குப் போலாமே.”

“என்ன திடீர் பக்தி? யார் மூஞ்சி வரும்னு பயமா?”

அவள் அர்ச்சனைக் கூடையை எடுக்கப் போனாள். தணிகைவேலு மனதுக்குள் ஆட்களை எண்ணிப்பார்த்தார். எதிர்வீட்டுப் பல் டாக்டரா? அவளோடு வேலை பார்த்த சுருட்டை முடிக்காரனா? ராஜ்ஜியத்தைக் காப்பாற்றிய நேரத்தில் வீட்டைக் கவனித்திருக்கலாம். ரிமோட்டைத் தேடியெடுத்து அமுக்கினார்.

‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்று எழுத்து வந்தது. முரசு அதிர்ந்தது. மேகத்தைக் கிழித்துவந்த கருடன் மேல், வழுக்கைத் தலையும் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக, காலையில் காபி கேட்கும் அதே முகத்தோடு அவரே உட்கார்ந்திருந்தார்.

“விக் இல்லாம பால்காரர் முன்னாடிகூடப் போக மாட்டீங்க. இதப் பாத்தா வருத்தப்படுவீங்கன்னுதான்…” என்றாள் மரகதம்.

விளம்பரம் வந்ததும் தணிகைவேலு வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

“கொஞ்சம் முடி இருக்கிறவனாப் பாத்து ஆசைப்பட்டிருக்கக் கூடாதாடி?”