முதலாளி கேட்ட சர்வர்

எங்கள் கட்டட வரைபட ஆபீசில் ஒரே கட்டடத்துக்கு ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு வரைபடம். போன மாதம் பழைய படத்தைப் பார்த்து, மாடிப்படி வரவேண்டிய இடத்தில் குளியலறையைக் கட்டிவிட்டார்கள்.

"ஃபைல் எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும் சார். நம்ம ஆறு பேருக்கு இந்த நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியே தாராளம்," என்று காட்டினேன்.

முதலாளி அதை ஒற்றை விரலால் தள்ளிவிட்டார். "டிபன் டப்பா மாதிரி இருக்கு. சர்வர்னா ஆள் உயரம் நிக்கணும்யா. உள்ள நுழைஞ்சா உறுமணும்."

சுவரிடம் சொல்லியிருந்தால் அதுவாவது தலையாட்டியிருக்கும். கடைசியில் அவர் மனைவியிடம் போனேன். ஆபீசின் வரவு செலவு அவர் கையில்.

"அவர் வாயால கேட்டதை அப்படியே குடுத்துடுங்க தம்பி," என்றார்.

அடுத்த வாரமே ஆள் உயர இரும்பு அலமாரி வந்து நின்று உறுமியது. வரைபடக் குழப்பமும் தீர்ந்தது. வருகிறவர்களை எல்லாம் முதலாளி அதன் முன் நிறுத்தினார்.

"இவன் பேச்சைக் கேட்டு அந்த டப்பாவை வாங்கியிருந்தா நடுத்தெருவுல நின்னிருப்போம்."

"ஆமா சார்," என்றேன்.

அலமாரிச் சாவி முதலாளியம்மாவிடம்தான் இருக்கிறது. உள்ளே அதே டப்பா. பக்கத்தில், உறுமுவதற்கு, ஒரு பழைய டேபிள் ஃபேன்.